58 சிசி செயின்சா ஸ்டார்ட் ஆகல, பிளக் மட்டும் நனையுது

தோப்புக்காரன்:
வணக்கம். என்கிட்ட இருக்கிறது 58 சிசி சைனா செயின்சா, 22 இஞ்ச் பார். சீமைக்கருவேலம் வெட்டிட்டு தை மாசம் எடுத்து வச்சது, டேங்க்ல பாதி மிக்ஸ் (பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்தது) அப்படியே கிடந்துச்சு. இப்ப சோக் போட்டு இழுத்தா முதல்ல ஒரு ‘டப்’, அதோட சரி. பிளக்கைக் கழட்டினா சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. மிக்ஸ் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். கார்புரேட்டரையே மாத்திடுங்கன்னு கடையில சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?

கயிறுசுத்தி:
அவசரப்பட்டு காசைக் கொடுக்காதீங்க. அந்த ‘டப்’ கேட்ட உடனே சோக்கை உள்ளே தள்ளியிருக்கணும். சோக் மூடியிருக்கும்போது காத்து வர வழியில்ல, இழுக்க இழுக்க பெட்ரோல் மட்டும் சேர்ந்துக்கிட்டே போகும். பிளக் நனைஞ்சதுக்குக் காரணம் அதுதான். சத்தம் ரொம்பச் சின்னதா வரும், பக்கத்துல மோட்டார் ஓடினா காதுல விழாது. அதனால நாலஞ்சு இழுப்புக்கு மேல முழு சோக்குல இழுக்கவே கூடாது.

முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. பிளக்கைக் கழட்டி, துளை கீழே பார்க்கிற மாதிரி மெஷினைக் கவுத்துப் பிடிச்சு பத்துப் பன்னிரண்டு தடவை கயிறை இழுங்க. உள்ளே தேங்கினது வெளியேறிடும். பிளக்கைத் துடைச்சு, கரி இருந்தா பித்தளை பிரஷ்ல தேய்ச்சு, கேப் 0.6 மி.மீ.க்கு வைங்க.

அடுத்து ஸ்பார்க். பிளக்கைத் தொப்பியில மாட்டி, அதோட இரும்பு உடம்பு சிலிண்டர் இறக்கையில ஒட்டுற மாதிரி வச்சு, சுவிட்சை ஆன் பண்ணி இழுங்க. பிளக் துளைக்குக் கிட்ட வைக்காதீங்க, அதுல இருந்து பீய்ச்சி வர்ற ஆவி பத்திக்கும். நீலமா, ‘டிக்’னு சத்தத்தோட வந்தா நல்லது. சுத்தமா வரலைன்னா புது பிளக் போட்டுப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா காயில்ல இருந்து சுவிட்சுக்குப் போற மெல்லிசான வயரை மட்டும் கழட்டிட்டு இழுங்க. இப்ப ஸ்பார்க் வந்தா கோளாறு சுவிட்ச்ல, காயில்ல இல்ல. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவுல 0.3 மி.மீ. இடைவெளி வேணும். ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகி ஸ்க்ரூவை முறுக்கினா போதும்.

கரிசல்மண்:
ஸ்பார்க் பார்க்கிறதுக்கு முன்னாடி டேங்க்ல இருக்கிற பழைய மிக்ஸைக் கொட்டி எடுங்க சார். இப்ப பங்க்ல கிடைக்கிறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிடும். டேங்க்குள்ள இருக்கிற ஃபில்டரும் அந்த அடியிலதான் கிடக்கு! ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சுப் பாருங்க, அடியில தனிக் கோடு தெரிஞ்சா விஷயம் அதுதான். கலந்த மிக்ஸை ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க. ஃபில்டரை ஒரு வளைஞ்ச கம்பியால வெளியே இழுத்து மாத்துங்க, விலை ரொம்பக் கம்மி. கூடவே ஃபில்டர்ல மாட்டியிருக்கிற ட்யூப் வெடிச்சிருக்கான்னும் பாருங்க.

தோப்புக்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. பாட்டில்ல கோடு நல்லாவே தெரியுது. புது மிக்ஸ், புது ஃபில்டர் போட்டாச்சு. ஸ்பார்க் நீலமா வருது. கார்புரேட்டர் வாயில மிக்ஸ் கொஞ்சம் விட்டு இழுத்தா ரெண்டு செகண்ட் ஓடி நின்னுடுது. பிளக் இப்ப காய்ஞ்சிருக்கு.

கயிறுசுத்தி:
ரெண்டு செகண்ட் ஓடுதுன்னா ஸ்பார்க், கம்ப்ரஷன் ரெண்டும் வேலை செய்யுது. மிக்ஸ்தான் வந்து சேரல. இனிமே கார்புரேட்டரைப் பிரிக்கலாம்.

பெரும்பாலும் ஒத்தை ஸ்க்ரூ இருக்கிற பக்கம் பம்ப் (மிக்ஸை இழுக்கிறது), நாலு ஸ்க்ரூ இருக்கிற பக்கம் மீட்டரிங் (அளந்து விடுறது). பிரிக்கும்போதே போன்ல படம் எடுத்துக்குங்க. மீட்டரிங் பக்கம் பாடியை ஒட்டி கேஸ்கட், அதுக்கு மேல டயாஃப்ரம்ங்கிற மெல்லிசான சவ்வு. பம்ப் பக்கம் நேர்மாறு: பாடியை ஒட்டி டயாஃப்ரம், மேல கேஸ்கட். இதை மாத்திப் போட்டுட்டு ‘ரிப்பேர் கிட் சரியில்ல’ன்னு சொல்றவங்கதான் அதிகம். டயாஃப்ரத்தை விரல்ல அழுத்திப் பாருங்க. துணி மாதிரி குழையணும், எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி மொறமொறன்னு இருந்தா மாத்த வேண்டியதுதான். பம்ப் பக்கத்துல ஒரு குட்டி சல்லடை இருக்கும், பழுப்புப் பிசின் அடைச்சிருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடிச்சுக் காத்து ஊதுங்க. ஊசி விட்டுக் குத்தாதீங்க, துளை பெருசாயிடும்.

மிக்ஸ் அளவைக் கூட்டிக் குறைக்கிற எல் ஸ்க்ரூ (குறைஞ்ச வேகத்துக்கு), ஹெச் ஸ்க்ரூ (அதிக வேகத்துக்கு) ரெண்டையும் கழட்டுறதுக்கு முன்னாடி, எத்தனை சுத்துல மூடுதுன்னு எழுதி வைங்க. தெரியலைன்னா மெதுவா முட்டுற வரைக்கும் மூடி, ஒரு சுத்து திறந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, பல மாடல்கள்ல சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கட்ல பெரிய ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு பொடி ஓட்டை இருக்கும். கிராங்க் கேஸ் அழுத்தம் அது வழியா வந்துதான் பம்ப் டயாஃப்ரத்தை ஆட்டும். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டா அது மூடிக்கும். கையால ப்ரைமர் குமிழை அமுக்கினா மிக்ஸ் வரும், மெஷின் தானா இழுக்காது. உங்க மெஷின் காட்டுற லட்சணமும் அதுவேதான், அதனால அந்தத் துளையையும் பார்த்துடுங்க.

பட்டறைவாசி:
கார்புரேட்டர் வாயில விடும்போது மிக்ஸ் மட்டும், அதுவும் சொட்டுக்கணக்குல. வெறும் பெட்ரோல் விட்டா பிஸ்டன்ல கீறல் விழும். சந்தேகமா இருந்தா சைலன்சரைக் கழட்டி அந்த ஓட்டை வழியா பிஸ்டனைப் பாருங்க, செங்குத்தா கோடு இருந்தா சிலிண்டர் கிட் மாத்தணும். கம்ப்ரஷன் கேஜ் இல்லைன்னா மெஷினைக் கயிறுல தொங்கவிட்டுப் பாருங்க. நின்னு நின்னு இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு, சர்ருன்னு இறங்கினா இல்ல. சைலன்சர் வலையில கரி அடைச்சிருந்தா அதையும் தட்டி எடுங்க.

லிட்டருக்கு 40 மில்லிங்கிறது 25:1. உங்க மெஷின் புக்ல அதுதான் போட்டிருந்தா அப்படியே விடுங்க. 20 மில்லி, அதாவது 50:1, மெஷின் கம்பெனி அனுமதிச்சு, எஃப்டி கிரேடு (ஆயில் டப்பாவுல போட்டிருக்கிற தரக்குறி) ஆயிலும் ஊத்தினா மட்டும்தான். படகு மோட்டாருக்கான டூ-டி ஆயிலை இதுல ஊத்தாதீங்க, அது தண்ணியில குளிர்ற என்ஜினுக்கானது.