வீட்டுக்குப் பின்னால் கோல்ஃப் புல்: எங்கள் மழைக்கு எந்தத் தளம்?

குமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் யாராவது வீட்டில் செயற்கைப் புல் போட்டிருக்கிறீர்களா? அப்பா கோல்ஃப் பந்தை உருட்டிப் பழக ஆசைப்படுகிறார். மெத்தைப் புல் சரிவராது. பந்து நேராக ஓட இழை குட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும்.

கவலையெல்லாம் தண்ணீர்தான். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. சுவரோரச் செம்மண் இப்போதே பாசி பிடித்து வழுக்குகிறது. கொத்தனார் சிமெண்ட் தளம் போடச் சொல்கிறார். எனக்கு மனசில்லை. ஜல்லி பரப்பி, மேலே பாறைப்பொடி போட்டு இடித்து, லேசாகச் சரிவு விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பொடி நம் மழைக்கு நிற்குமா? ஓரத்தை எதை வைத்துக் கட்டினீர்கள்?

அப்புறம், வெயிலில் பிளாஸ்டிக் இழை சாதாரணப் புல்லைவிட அதிகம் சுடும். நிழல்வலை கட்டினால் பாசி கூடுமோ? பந்து விழும் குழிக்குள் வைக்கிற 108 மில்லிமீட்டர் கிண்ணம் மார்த்தாண்டத்தில் கிடைக்குமா? போட்டவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.