காலில் ரேடியோ பட்டை கட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வர்ஜீனியா அப்பா:
பையனுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவான். அதனால் ப்ராஜெக்ட் லைஃப்சேவரில் சேர்த்தோம். ரேடியோ சிக்னல் விடும் பட்டையைக் காலில் கட்டிவிடுவார்கள், ஆள் காணாமல் போனால் ஷெரிஃப் அலுவலகத்தார் ஆன்டெனா வைத்துத் தேடுவார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். குப்பை போடப் போனவர் பின்கதவைச் சாத்தவில்லை. அவசர எண் 911-க்கு அடித்ததும் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து இரண்டு டெபுடிகள் வந்தார்கள். ஒருவர் கையில் மடக்கு ஆன்டெனா. அதைச் சர்ச் பக்கம் திருப்பினால் ‘டிக்’ சத்தம் தேய்கிறது. குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்துப் பக்கம் திருப்பினால் கணீரென்று கேட்கிறது. சத்தம் ஏற ஏற என் மனைவிக்கு முழங்கால் மடங்கிவிட்டது. கடைசியில் பையன் குளத்தையும் தாண்டி, ஒரு வீட்டு ஏசி யூனிட் பக்கத்தில் உட்கார்ந்து விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உறுத்துவது இது இல்லை. மாமனாருக்கு அந்தப் பட்டை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. “கைதிக்குக் கட்டுற மாதிரி குழந்தைக்கு எதுக்கு மாப்ளே?” என்பார். இவ்வளவுக்கும் பிறகு, இப்போதும் கோயிலுக்குக் கிளம்பினால் பேரனின் சாக்ஸை மேலே இழுத்து அதை மறைத்துவிடுகிறார். என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

எங்கள் கவுன்ட்டியில் பட்டைக்குக் காசு வாங்குவதில்லை. கிவானிஸ், லயன்ஸ் சேவைச் சங்க ஆட்கள் பான்கேக் விருந்து வைத்துத் திரட்டுகிறார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் பொங்கலுக்கு உண்டியல் வைத்தோம்.

ஸ்காபரோ பேத்தி:
எங்களிட்ட ரேடியோ பட்டை இருக்கேல்லை. மறதி நோய் வந்த அம்மம்மாவின் கையில், அவசரத்துக்கு அழைக்க நம்பர் பொறித்த மெடிக்அலர்ட் வளையல் மட்டும்தான். நல்ல ஸ்னோ. மார்க்கம் ரோட்டில் பஸ் ஏறி, ட்ரைவரிடம் தமிழிலேயே, “தம்பி, இது கோண்டாவிலுக்குப் போகுமோ?” என்று யாழ்ப்பாணத்து ஊரைக் கேட்டிருக்கிறா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்சீட்டில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை எழும்பி வந்து, “ஓம் அம்மா, போகும், இருங்கோ” என்று பக்கத்தில் இருத்தி, கோட் கைக்குள்ளே வளையலைக் கண்டு, அதிலிருந்த நம்பருக்கு அடிச்சிருக்கிறா.

மாமா இன்றைக்கும், “ஏன் அப்பிடிப் பொய் சொன்னவ? மனிசி நம்பி இருந்துதே” என்கிறார். அம்மம்மா வீட்டுக்கு வந்த பிறகும், “கோண்டாவில் இன்னும் வரேல்லையோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தவ. அந்தப் பிள்ளை செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மாமாவோடு கதைத்து வெல்ல முடியாது.

நியூஜெர்சி கணினி:
1999-ல் வர்ஜீனியாவின் செசபீக் ஷெரிஃப் அலுவலகத்தில் இந்த லைஃப்சேவர் திட்டத்தைத் தொடங்கியபோது ரேடியோ சரி. இன்றைக்கும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? பக்கத்தில் இருக்கும் ஐஃபோன்கள் வழியாக இடம் காட்டும் ஒரு ஏர்டேக் வில்லை போதும். எங்கள் அப்பா மாலில் தொலைந்தபோது போனைப் பார்த்தே ஃபுட் கோர்ட்டில் பிடித்துவிட்டேன், காபி குடித்துக்கொண்டிருந்தார்.

வர்ஜீனியா அப்பா:
மாலில் சார். அங்கே ஆளுக்கொரு ஐஃபோன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு, அங்கே மானுக்கா ஐஃபோன் இருக்கு? ஜிபிஎஸ் வாட்சும் வாங்கிப் பார்த்தோம், அது பாதி நாள் சார்ஜரிலேயே கிடந்தது. இந்தப் பட்டைக்கு பேட்டரி மாற்ற டெபுடியே வீட்டுக்கு வருகிறார். பையனுக்கும் அவர் முகம் பழகிவிட்டது. தேடி வருபவரைக் கண்டு பயந்து ஓடாமல் இருக்க அதுவே பாதி வேலை.

கலிஃபோர்னியா அத்தை:
நான் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) வகுப்பில் உதவியாளர். ஒருமுறை எங்கள் பிள்ளை ஒன்று மதில் ஏறிப் போய், பக்கத்து வீட்டு நீச்சல்குளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

ஏர்டேக்கா ரேடியோவா என்று சண்டை போடுகிறீர்களே, பிள்ளை வீட்டில் இல்லை என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டாமா? எல்லாக் கதவிலும் மணி, பெரியவர் கை எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். இரண்டும் சேர்ந்தே சில பத்து டாலர்தான். காணோம் என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள், அலமாரியையும் கட்டிலுக்கு அடியையும் அப்புறம் பார்க்கலாம். வர்ஜீனியா தம்பி, உங்கள் பையன் குளத்தைத் தாண்டிப் போனது அதிர்ஷ்டம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பையனை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், கடைசி சில வகுப்புகளில் ஷூவும் துணியும் போட்டே இறக்கச் சொல்லுங்கள். 911-இல், “ஆட்டிசம், பேச்சு இல்லை, தண்ணீர் பிடிக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டான்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தேடுபவர்கள் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தால் சில பிள்ளைகள் இன்னும் ஒளிந்துகொள்ளும். பிடித்த பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அண்மைப் படம், பிடித்த பொருள், பயப்படும் சத்தம் எல்லாம் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். அக்கம்பக்கத்தில் குளம் இருக்கும் வீடுகளுக்கு இன்றைக்கே போய்ப் பேசுங்கள், கூச்சப்பட்டால் ஆகாது.

நம் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று ஒளிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். 2012-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 4 வயதுக்கு மேல் ஒருமுறையாவது ஓட முயன்றவர்கள் 49 சதவீதம் என்று பெற்றோர்களே சொல்லியிருக்கிறார்கள். மறதி நோய்க்காரர்களில் பத்துக்கு ஆறு பேர் இப்படிக் கிளம்புவார்கள் என்கிறது அல்சைமர்ஸ் அசோசியேஷன். 2018-ல் ‘கெவின் அண்ட் அவொன்டேஸ் லா’ என்ற சட்டம் வந்தபின், இப்படிக் காணாமல் போகிறவர்களைத் தேடும் திட்டங்களுக்கு ஃபெடரல் மானியமே இருக்கிறது. உங்கள் ஊரில் திட்டம் இல்லையென்றால் ஷெரிஃப் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். உண்டியல் வைப்பது நல்லதுதான், மனுவும் போட வேண்டும்.

ஸ்காபரோ பேத்தி:
அத்தை, தண்ணீர் விஷயம் பிள்ளைகளுக்குச் சரி. எங்கட அம்மம்மாவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் கதவை இடித்துக் குழறுவா. அதற்கு என்ன செய்யிறது?

ஒஹாயோ புதுசு:
போன வாரம்தான் பட்டை கட்டினார்கள். அடியில் வியர்த்து, மகள் சொறிந்துகொண்டே இருக்கிறாள். உள்ளே மெல்லிய துணி ஏதாவது சுற்றலாமா? கட்டியவரைக் கேட்கலாம் என்றால் திங்கட்கிழமைதான் வருவாராம்.