பச்சிளங்குழந்தைகளுக்குப் பின்னிய 46 குல்லாக்கள் திரும்பி வந்துவிட்டன, எங்கே தவறினோம்?

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவைச் சேர்ந்த ஆறு பெண்கள் செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகலில் என் வீட்டுக் கூடத்தில் கூடிக் கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறோம். மூவருக்கு இந்தக் கைவேலை முன்பே தெரியும். மற்ற மூவர் என்னிடம் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து அமர்பவர். நூலுக்கான செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டபோது, வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும் கேளாமல் தம் பங்கைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.

மூன்று மாதங்கள் பின்னி 46 குல்லாக்களைச் சேர்த்து, அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். வார்டு வாசலில் இருந்தவர்கள் பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “உல்லன் சாமான் எதையும் உள்ளே எடுப்பதில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களில் மூத்தவருக்கு வயது 72. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும் அந்த அம்மா, ஒவ்வொரு குல்லாவிலும் ஒரு வெள்ளைப் பூ வைத்து, பூவின் நடுவில் ஒரு மணியும் தைத்திருந்தார். திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்த நூலில், எந்த அளவில் பின்னினால் அந்தக் குழந்தைகளுக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதையும், தாய்மார்களின் மனம் கூசாமல் அவற்றை எப்படிக் கொடுப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திருவொற்றியூர் செவிலியர் (பணி ஓய்வு):

அம்மா, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 27 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியது சரியில்லை. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. உல்லன் நூலிலிருந்து உதிரும் மயிரிழை மூக்கிலும் வாயிலும் போகக்கூடும். வார்டுத் துணிகளைத் துவைப்பது போல வெந்நீரில் அதைத் துவைக்கவும் முடியாது. மணியைப் பொறுத்தவரை, எவ்வளவு இறுக்கித் தைத்திருந்தாலும் என்றாவது ஒரு நாள் கழன்று விழும் என்றே நாங்கள் எண்ணுவோம். அந்தப் பெரியம்மாவிடம் பூவைக் குறை சொல்லாதீர்கள். மணியில்லாமல், மேலே புடைக்காமல், குல்லாவோடு சேர்த்துப் பின்னிய பூவாக இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

குல்லா சிறிய பொருளாகத் தோன்றலாம். அதன் வேலை பெரியது. 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பதைக் குறைமாதம் என்கிறோம், பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்கிறோம். இந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. எனவே திறந்திருக்கும் தலை வழியாகச் சூடு விரைவில் வெளியேறிவிடும். குழந்தையின் உடல்வெப்பம் 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரி செல்சியசுக்கும் இடையில் நிற்க வேண்டும். அது இறங்கினால், எடை கூடுவதற்கு வேண்டிய சக்தியெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே தீர்ந்துவிடும். சென்னை வெயிலில் குல்லா எதற்கு என்று கேட்பவர்கள், குளிரூட்டிய வார்டில் ஒன்றரைக் கிலோ குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவிடுவார்கள். அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பவை ஓர் அரைத்துணி, ஒரு குல்லா, சில நேரம் காலுறை, அவ்வளவுதான். உங்கள் கைவேலைக்கு உரிய இடம் அதுவே.

அளவைச் சொல்கிறேன். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ.; 32 வாரத்தில் பிறந்தால் 29 அல்லது 30 செ.மீ. இருக்கும். நூல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் குல்லாவை இரண்டு மூன்று செ.மீ. குறைத்தே பின்னுங்கள். கழுத்தில் கட்டும் நாடா கூடவே கூடாது. குறைமாதக் குழந்தைகள் கையில் பிடித்துக்கொள்வதற்காக டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஆக்டோபஸ் பொம்மையையும் சிலர் பின்னிக் கொண்டு வருகிறார்கள். அதன் கைகள் இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது. அந்த வார்டின் மருத்துவர் கேட்காமல் அதைப் பின்ன வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் சிறு சீட்டில் எழுதிக் குல்லாவோடு வையுங்கள்: வீட்டுக்குப் போன பிறகு, வெயில் காலத்தில், தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம். சூடு மிகுந்தாலும் ஆபத்து. நழுவி மூக்கை மூடினாலும் ஆபத்து.

பெரம்பூர் பின்னல்காரர்:

நூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அன்று, அக்ரிலிக். ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். ரோமம் மயிர் பொசுங்குவது போல நாறும். அக்ரிலிக் உருகிக் கறுத்த கெட்டி முத்தாக நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது நூறு விழுக்காடு பருத்தி. தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்துகளில் நூலும் லேசும் மொத்தமாக விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆறு பேரும் சேர்ந்து ஒரே தடவையில் வாங்கினால் விலை படியும். சாயம் போகிறதா என்று ஒரு துண்டை ஊறவைத்துப் பார்க்காமல் அடர் நிறம் எதையும் வாங்காதீர்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், ஒன்றைப் பின்னித் துவைத்து அளந்த பிறகே மற்றவற்றைத் தொடங்குங்கள். பின்னலை நெருக்கமாகப் போடுங்கள். குழந்தையின் விரல் நுழையும் ஓட்டை இருக்கக் கூடாது.

திரும்பி வந்த 46 குல்லாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா. சென்னையில் 2016 ஜனவரியில் பெண்கள் கூடி 11,148.5 சதுர மீட்டரில் குரோஷா போர்வை அமைத்து உலக சாதனை படைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாதனை முடிந்ததும் அதைச் சிறு போர்வைகளாகப் பிரித்து ஆதரவற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சாதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தப் பிரித்தல்தான். உங்கள் குல்லாக்களையும் பிரித்து, நூலைக் கழியில் சுற்றி, நனைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். மார்கழி அதிகாலையில் முதியோர் இல்லத்தில் தோளுக்குப் போர்த்திக்கொள்ள அந்த நூல் நன்றாகப் பயன்படும்.

வியாசர்பாடித் தாய்:

கொடுக்கும் விதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்கியவள் என்ற முறையில் நான் சொல்லலாம். என் மகள் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த வாரத்தில், 33 வாரத்தில் பிறந்தாள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குழந்தைக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியெல்லாம் பீரோவின் அடித்தட்டில் நனைந்து போயிற்று. மருத்துவமனையில் என் கையில் ஒன்றுமே இல்லை.

அந்த வாரத்தில் எத்தனையோ நல்லவர்கள் வந்து உதவினார்கள். ஒரு குழுவினர் பாலும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, நான் பொட்டலத்தைப் பிடித்திருப்பது தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மனம் நல்லதுதான். ஆனால் நைட்டியோடு, தலை வாராமல், கண்ணீர்க் கறையோடு இருந்த என் முகம் எங்கெங்கோ போயிருக்கும் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது. மறுநாள் வந்த ஓர் அக்கா கட்டில் ஓரத்தில் ஒரு துண்டை விரித்தார். அதன் மீது ஐந்து குல்லாக்களை வரிசையாக வைத்து, “பாப்பாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அம்மாவுக்குத்தானே தெரியும்? எடுத்துக்கோம்மா” என்றார். நான் மஞ்சளை எடுத்தேன். வீடு, துணி, பாத்திரம் எல்லாம் போன அந்த வாரத்தில் என் விருப்பம் என்னவென்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவரே. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அம்மா, தேவைக்குமேல் நாலைந்து கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். தாய் தானே தேர்ந்தெடுக்கட்டும்.

காசிமேட்டிலிருந்து ஒரு மகன்:

என் அம்மா 40 ஆண்டுகளாக வலை பழுது பார்த்தவர். இதை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். வலையிலும் கண்ணி, குரோஷாவிலும் கண்ணிதானே, நானும் வரலாமா என்று கேட்கிறார். வலை ஊசி அவருக்குக் கைவந்தது. கொக்கி ஊசியைத் தொட்டதில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு விழும், ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். உங்கள் பின்னலில் நுனியை இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடுமே, பிள்ளை தலையில் இருக்கும்போது பிரியாதா என்று கவலைப்படுகிறார். கடைசி நுனியை எப்படி மறைத்து முடிவது என்று அவருக்குக் காட்டினால், அவர் முடிந்தது எந்தத் துவைப்பிலும் அவிழாது என்று நான் உறுதி சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியை:

உங்கள் அனைவரின் பதில்களையும் நேற்று கூடத்தில் உரக்கப் படித்தேன். செவிலியர் அம்மா எழுதிய பகுதியைக் கேட்டதும், 72 வயது அம்மா தம் குல்லாக்களை மடியில் போட்டுக்கொண்டு, சிறு கத்தரியால் மணிகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து ஒரு கிண்ணத்தில் சேர்த்தார். “எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் வைத்திருக்கவே மாட்டேனே” என்றார். பிறகு பழைய நூலைப் பிரிக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாசர்பாடித் தங்கையே, படம் எடுப்பதில்லை என்று ஆறு பேரும் முடிவு செய்துவிட்டோம். கொடுப்பதற்கு ஒரு துண்டும் எடுத்து வைத்திருக்கிறோம். காசிமேட்டுத் தம்பி, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அம்மாவை அழைத்து வாருங்கள். வரும்போது வலை ஊசியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், அந்த முடிச்சை நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். திருவொற்றியூர் சகோதரி, 30 செ.மீ. தலைக்கு 27 செ.மீ. சுற்றளவில் வெளிர் மஞ்சள் பருத்தியில் ஒன்று பின்னித் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் அளந்து எழுதுகிறேன். சரியா என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவோம்.