டாக்டரிடம் சொன்ன பொய்: கண் அழுத்தச் சொட்டு மருந்தும் எங்கள் அனுபவங்களும்

மாட்டுங்கா வாசி:

எனக்கு வயது 66, மும்பையில் இருக்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் படிக்கும் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் தெரியவந்தது. வலக் கண்ணில் அழுத்தம் 28, இடக் கண்ணில் 26. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும் என்றார்கள். பார்வை நரம்பின் நடுவில் குழிவு கூடியிருக்கிறது, கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்) தொடக்கம் என்று சொல்லி லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்தார் டாக்டர். தினமும் இரவில் கண்ணுக்கு ஒரு சொட்டு. அவ்வளவுதான் சிகிச்சை.

முதல் மூன்று மாதம் தவறாமல் போட்டேன். பிறகு விட்டுப்போகத் தொடங்கியது. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். தலைவலிக்கு மாத்திரை போட்டால் வலி போவது தெரியும். இந்த மருந்தைப் போட்டால் கண் சிவக்கிறது, கொஞ்ச நேரம் உறுத்துகிறது. போடாத நாளில் கண் தெளிவாக, சுகமாக இருக்கிறது. மனம் எந்தப் பக்கம் சாயும்? கும்பகோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனால் பாட்டில் இங்கே குளிர்பெட்டியிலேயே தங்கிவிடும். கல்யாணம், சீமந்தம் என்று போய்விட்டு இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினால், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன்.

ஆனால் பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் மட்டும் ஏழு நாளும் ஒழுங்காகப் போடுவேன். அங்கே அழுத்தம் 16 என்று வரும். "தினமும் போடுகிறீர்களா?" என்று கேட்பார். "ஆமாம் டாக்டர்" என்பேன். இரண்டு வருடங்களுக்கு மேல் இப்படியே போனது.

என்னைக் காட்டிக்கொடுத்தது பார்வைப் பரப்புப் பரிசோதனை. தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் மின்மினி போல வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாம் வருடத் தாளில் வலக் கண்ணின் கீழ்ப்பாதியில் வில் வடிவத்தில் ஒரு கருப்புத் திட்டு. இடக் கண்ணிலும் அதே இடத்தில் சாம்பல் நிறம். முந்தைய தாளில் இரண்டும் இல்லை. ரயில் நிலையப் பாலத்தில் இறங்கும்போது இரண்டு முறை கடைசிப் படி தவறியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று செருப்பைக் குறை சொல்லியிருந்தேன்.

16 இருந்தும் நரம்பு கெடுகிறது என்றால் இவருக்கு 16 கூட அதிகம் என்று டாக்டர் முடிவு செய்தார். இரண்டாவது மருந்து சேர்க்கலாம், அதிலும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை என்று பேசத் தொடங்கினார். அவர் கணக்கில் பிழையில்லை. அவர் கையில் நான் கொடுத்த எண்தான் பொய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னையே பார்த்தாள். உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகும்?" என்று கேட்டார். நான்கு என்றேன். புது மருந்து எதுவும் எழுதாமல், பழையதையே தினமும் போட்டுவிட்டு ஆறு வாரத்தில் வரச் சொன்னார். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. திட்டு பெரிதாகவில்லை. போன பார்வை திரும்பாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மருந்து போடுகிறவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். விட்டுப்போன நாட்களைப் பற்றியும் எழுதுங்கள்.

தாராவியிலிருந்து ஒரு மகள்:

ஐயா, என் அப்பாவுக்கு 72 வயது. நாற்பது வருடம் இட்லி வியாபாரம் செய்தவர். இப்போது கை நடுங்குகிறது. ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். "மருந்தைக் குறைத்து அடைக்கிறான்" என்பார். பாட்டில் தீர்ந்தால் அடுத்த மாதப் பணம் வரும்வரை சும்மா இருப்பார், எங்களிடம் சொல்லவும் மாட்டார்.

ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் சொட்டு இமையில் விழுந்தது, இரண்டாவது கன்னத்தில், மூன்றாவது மூக்கில். நான்காவது உள்ளே போயிற்று. அதுவும் பாட்டில் முனை கண்ணைத் தொட்ட பிறகு. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அக்கா பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். மல்லாந்து படுக்க வேண்டும். கீழ் இமையை லேசாக இழுத்தால் சின்னப் பை போல விரியும், அதில் ஒரே ஒரு சொட்டு. கண் அந்த ஒரு சொட்டையே முழுதாகத் தாங்காது, மிச்சம் வழிந்துவிடும் என்பதால் இரண்டாவது வீண். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இமையைப் பிடிக்க முடியாதவர்கள் கண்ணை மூடிப் படுத்து, அந்த ஓரத்தில் சொட்டை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தாலும் உள்ளே இறங்கும். அப்பாவுக்கு இதுதான் சரிப்பட்டது. 2.5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்குமாம். நாளுக்கு இரண்டு சொட்டு என்றால் ஒரு மாதத்துக்குத் தாராளம். அப்பா சொன்ன குற்றம் பொய்யென்று அன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது.

இன்னொரு கஷ்டம் சூடு. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், திறந்த பிறகும் 25 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று அட்டையில் போட்டிருந்தது. எங்களுடையது தகரக் கூரை, மே மாதத்தில் அறைக்குள் நிற்க முடியாது. பக்கத்து வீட்டு மராத்தி மாவ்ஷி (சித்தி முறை) தன் குளிர்பெட்டியில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். ஒரு வருடம் தினமும் இரவு அவர் கதவைத் தட்டினேன், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பிறகு டாக்டரிடம் எங்கள் வீட்டு நிலையைச் சொன்னோம். குளிர்பெட்டி தேவைப்படாத மருந்தாக மாற்றிக்கொடுத்தார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். வீட்டு நிலைமையை எல்லாம் டாக்டரிடம் பேசுவதா என்ற கூச்சம்தான்.

முலுண்ட் வாசகி:

எனக்கு நடந்ததையும் எழுத வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. சின்ன வயதிலிருந்து எனக்கு ஆஸ்துமா. கண் அழுத்தத்துக்கு ஒரு மருத்துவமனையில் டைமோலால் கலந்த சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று நானும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் தாதர் பாலத்தில் ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுவிடும் போல ஆயிற்று. இன்ஹேலர் போட்டும் முழுதாக அடங்கவில்லை. நெஞ்சு டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது மாத்திரைகளை மட்டும் சொன்னேன். சொட்டு மருந்து "சாப்பிடுவது" இல்லையே. மூன்றாம் முறை போனபோது என் மகன் அந்த பாட்டிலைப் பையில் போட்டு எடுத்துவந்தான். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கிறது. டைமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழலைச் சுருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது கூடவே கூடாது.

தாராவித் தங்கை சொன்ன விரல் அழுத்தம் மருந்து அப்படி இறங்குவதைத் தடுக்கத்தான். ஆனால் ஆஸ்துமா இருந்தால் அதை நம்பி டைமோலால் போடாதீர்கள். எனக்கு டார்சோலமைடு என்ற வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். போட்டவுடன் வாய் கசக்கும், காபி கூடக் கசக்கும். மூச்சு சீராக இருக்கிறது.

செம்பூர்க்காரர்:

என்னுடையது சின்ன விஷயம். அழுத்தம் 24, ஆனால் நரம்பு நன்றாக இருக்கிறது. கருவிழியின் கனத்தை அளந்தார்கள். சராசரி 540 மைக்ரான் அளவில் இருக்குமாம், எனக்கு 600. தடித்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் மருந்து இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவருகிறார்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றை டாக்டர் விளக்கினார். அழுத்தம் மட்டும் அதிகமாக இருந்த 1,636 பேரில், மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும் ஐந்து வருடத்தில் கிளாக்கோமா வந்திருக்கிறது. மருந்து ஆபத்தைப் பாதியாக்குகிறது, ஆனால் போடாதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அதற்குள் வரவில்லை. எனக்கு இந்த விளக்கம் நிம்மதி தந்தது. தேதி தவறாமல் போய்க் காட்டுகிறேன்.

டோம்பிவிலித் தம்பி:

எனக்கு 27 வயதுதான். கண் அரிப்புக்கு ஒருமுறை டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதினார், ஒரு வாரத்துக்கு மட்டும். உடனே சுகம். அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் எட்டு மாதம் வாங்கிப் போட்டேன். லோக்கல் ரயிலில் தூசி, மறுபடி அரிப்பு, மறுபடி சொட்டு. அழுத்தம் 34-க்குப் போய்விட்டது. நிறுத்திய பிறகு இறங்கிவிட்டது, ஆனால் நரம்பில் கொஞ்சம் பாதிப்பு தங்கிவிட்டது. அரிப்புக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே போய் அழுத்தம் பாருங்கள்.

மாட்டுங்கா வாசி:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தாராவி மகளே, உன் அப்பாவின் கை நடுக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாயே, அதை எத்தனை வீட்டில் செய்கிறார்கள்? அவருக்கு என் வணக்கம்.

தனிச்செய்தியில் இருவர் கேட்டதற்குப் பதில்: இரண்டு மருந்து போடுகிறவர்கள் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். என் கண்ணைச் சுற்றித் தோல் கறுத்து, இமை முடி நீண்டிருப்பது நான் போடும் லட்டானோபிராஸ்டால்தான். டாக்டரிடம் காட்டிவிட்டேன்.

உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் கும்பகோணம் அண்ணனைப் போன மாதம் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவருக்கும் 24. பார்வைப் பரப்புப் பரிசோதனை அடுத்த வாரம்.

நாளைக் காலை எனக்கும் முறை. படுக்கைக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் தொங்குகிறது. போட்ட நாளுக்கு ஒரு கோடு, விட்ட நாளுக்கு ஒரு வட்டம். இந்த மாதம் இரண்டு வட்டம் இருக்கிறது. அந்தத் தாளையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.