சந்தையில் விற்க எந்தத் தக்காளி ரகம் வைக்கலாம்?

புதுப்பாத்தி:
ஐந்து வருடமாக வீட்டுக்கு மட்டும் ஒரே பாத்தியில் தக்காளி போட்டு வருகிறேன். இந்த முறை பக்கத்திலேயே 200 செடி வைக்க இடம் கிடைத்திருக்கிறது, வாரச் சந்தையில் நானே உட்கார்ந்து விற்கலாம் என்று ஆசை. போன பருவத்தில் பிராண்டிவைன் என்ற பழைய பாரம்பரிய ரகம் நாலு செடி வைத்தேன். ருசி என்றால் அப்படி ஒரு ருசி, ஆனால் ராத்திரி ஒரு மழை பெய்து விடிந்து பார்த்தால் காம்பைச் சுற்றி வட்ட வட்டமாக வெடிப்பு, மதியத்துக்குள் அதில் எறும்பு ஏறிவிட்டது. இதை நம்பி இறங்கலாமா, ஹைபிரிட் என்கிற ஒட்டு ரகம்தான் வழியா?

கூடைக்காரன்:
நேரில் விற்கிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். கெட்டித்தோல் ரகங்கள் தூரம் போக வேண்டியவர்களுக்கு, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்காக 200 செடியும் பிராண்டிவைன் வைத்துவிடாதீர்கள், முக்கால்வாசி நோய் தாங்கும் ஹைபிரிட் இருக்கட்டும். விதை பாக்கெட்டில் வி, எஃப், என் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்: முதல் இரண்டும் வெர்டிசிலியம், ஃபியூசேரியம் வாடல் நோய்களுக்கு, மூன்றாவது வேரில் முடிச்சு விழ வைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு. ஒரே பாத்தியில் ஐந்து வருடம் என்கிறீர்களே, இதெல்லாம் அந்த மண்ணில் சேர்ந்திருக்குமோ என்று எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அந்தப் பாத்திக்கு இந்த முறை ஓய்வு கொடுங்கள். வெள்ளை ஈ தொல்லை இருந்தால் அது பரப்பும் இலைச்சுருட்டை வைரஸைத் தாங்குமா என்றும் கேட்டு வாங்குங்கள்.

மண்வெட்டி:
பிராண்டிவைனை விட்டுவிடாதீங்க சார், 20 செடியாவது வையுங்கள். செடியிலேயே முழுசாகப் பழுக்க விட்டால் அப்படி வெடிப்பது அதிகம். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் செங்காயாகப் பறித்து, வெயில் படாமல் காம்பு கீழே இருக்கிற மாதிரி ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள், ருசி அவ்வளவாகக் குறையாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

தோட்டத்து அக்கா:
சன்கோல்ட் பத்துச் செடி சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஆரஞ்சு நிறச் செர்ரி தக்காளி, அத்தனை இனிப்பு. ஒன்றை ருசி பார்க்கக் கொடுங்கள், அப்புறம் நீங்கள் பேசவே வேண்டாம். ஆனால் ஒரு பழம் சுமார் 15 கிராம்தான், பறிக்க ஆகும் நேரத்தை நினைத்து அளவாக வையுங்கள். இதுவும் மழைக்கு வெடிக்கும். இன்னொன்று, ரோமா மாதிரிக் குட்டைச் செடி ரகங்கள் சில வாரத்தில் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும், அதனால் மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவையாக நாற்று விடுங்கள்.

புதுப்பாத்தி:
ரொம்ப நன்றி. 170 ஹைபிரிட், 20 பிராண்டிவைன், 10 சன்கோல்ட் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய பாத்தியில் பீன்ஸ் போடலாம் என்றால் அதற்கும் அந்த நூற்புழு வருமாமே அக்கா, வேறு என்ன போடலாம்?

தோட்டத்து அக்கா:
ஆமாம், பீன்ஸ் வேண்டாம். செண்டுமல்லியை இடைவெளி விடாமல் நெருக்கமாகப் போடுங்கள், நூற்புழு குறையும், பூவையும் அதே சந்தையில் விற்கலாம்.