காட்பாடியில் குழந்தைகள் காப்பகம்: லைசென்ஸ், லோன்?

கேள்வி: வாடகை வீட்டுல 15 குழந்தைங்களுக்குக் காப்பகம், கூடவே ப்ளே ஸ்கூல். யார்கிட்ட அனுமதி? மானியம் கிடைக்குமா?

பதில் 1: மாடி வேணாம்ங்க, தரைத்தளம் பாருங்க. ப்ளே ஸ்கூலுக்கு 2015 விதிமுறைப்படி கல்வித்துறை அங்கீகாரம் வேணும். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்று கேப்பாங்க. வாடகை ஒப்பந்தத்துல ஒரு கதவு எண், சான்றுல வேற எண்ணுன்னா மனு அங்கயே நிக்கும்.

பதில் 2: மாவட்டத் தொழில் மையத்துல பி.எம்.இ.ஜி.பி. (புதுசா தொழில் தொடங்க மானியத்தோட கடன் தர்ற மத்திய அரசுத் திட்டம்) கேளுங்க. சேவைத் தொழிலுக்கு மொத்தத் திட்டச் செலவு 20 லட்சம் வரை. பெண்களுக்கு மானியம் நகரத்துல 25, கிராமத்துல 35 சதவீதம்; கைக்காசு 5. மானியம் கைக்கு வராது, 3 வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா கிடக்கும். திறந்துட்டு மனு போட்டா போச்சு, புது யூனிட்டுக்குத்தான் தருவாங்க.

பதில் 3: ராணிப்பேட்டை தோல் கம்பெனிங்க ஊழியர் குழந்தைங்களை உங்ககிட்ட விடுவாங்களான்னும் விசாரிங்க. 50 ஊழியரோ மேலயோ இருந்தா கம்பெனி காப்பக வசதி தர்றது கட்டாயம், 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்துல வந்தது.