டால்பினைத் தொட்டுப் பார்க்க மகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டை மருமகள், சிங்கப்பூர்

பள்ளி விடுமுறைக்கு என் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். பேத்தி கேட்டதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. மகள் இரண்டாம் வகுப்பு. செந்தோசா தீவுக் காட்சியகத்தில் டால்பினைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவளுடைய தோழி டால்பினின் மூக்கில் முத்தம் கொடுக்கும் படத்தைக் காட்டியிருக்கிறாள். டிக்கெட் எடுக்கவிருந்த நேரத்தில் என் தம்பி தொலைபேசியில், "அக்கா, அது சிறை. அதற்குப் பணம் கொடுக்காதே" என்று சொல்லிவிட்டான்.

அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், நேரத்துக்கு உணவு கிடைக்கிறது, சுறாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாங்கள் போகாவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கப்போகின்றன. பிறகு நாங்கள் போகாததால் யாருக்கு என்ன நன்மை? ஆனால் தம்பி சொன்னதிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கச் சங்கடமாகவும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் என்ன சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: உட்லண்ட்ஸ் வாசகர்

தயங்காமல் அழைத்துப் போங்கள். என் மகனை அழைத்துப் போனோம். அதற்குப் பிறகு கடற்கரையில் நெகிழிப் பை கிடந்தால் அவனே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். நேரில் பார்க்காத உயிரின் மேல் பிள்ளைகளுக்கு அன்பு வருவது கடினம். பயிற்சியாளர்களும் அவற்றிடம் எவ்வளவு பாசமாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தேன்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தூத்துக்குடி

சகோதரி, உட்லண்ட்ஸ் நண்பர் சொல்லும் பாசத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த டால்பின்கள் செந்தோசாவுக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2008, 2009 ஆண்டுகளில் சாலமன் தீவுகளின் கடலில் 27 டால்பின்களைப் பிடித்தார்கள். 2010-ல் அவற்றில் இரண்டு லங்காவியில் நோய்த்தொற்றால் இறந்தன. மற்றவை பிலிப்பைன்ஸில் பழக்கப்படுத்தப்பட்டன. 2012 நவம்பரில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் வழியில், வென் வென் என்ற ஆண் டால்பின் விமானத்திலேயே உயிரை விட்டது.

ஒவ்வொரு டால்பினுக்கும் அதற்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு. மற்றவை அதை வைத்தே அதை அடையாளம் காண்கின்றன. ஜேசன் புரூக் என்ற ஆய்வாளர், முன்பு ஒன்றாக வாழ்ந்து பிரிந்த டால்பின்களின் சீழ்க்கைகளைப் பதிவுசெய்து ஒன்றுக்கொன்று கேட்கச் செய்தார். 20 ஆண்டுகளுக்கு மேல் பார்க்காத துணையின் சீழ்க்கையைக்கூட ஒரு டால்பின் அறிந்துகொண்டது. ஆய்வு 2013-ல் வெளியானது. இத்தனை நினைவுள்ள உயிரைத்தான் அதன் கூட்டத்திலிருந்து வலைபோட்டுப் பிரிக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நேரத்துக்கு உணவு என்று எழுதியிருக்கிறீர்கள். டால்பினுக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி அது தின்னும் மீனிலிருந்தே கிடைக்கிறது. உறையவைத்த மீனில் நீரும் பி1 வைட்டமினும் குறைந்துவிடும். அதனால் காட்சியகங்களில் வைட்டமின் மாத்திரைகளும், பல இடங்களில் நீர்ச்சத்துக்காக ஜெலட்டின் கட்டிகளும் கொடுக்கிறார்கள். நல்ல கவனிப்புதான். ஆனால் கடலில் உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிக்கும் டால்பினுக்கு இந்த மாத்திரை எதற்கு?

நீங்கள் போகாவிட்டால் என்ன நன்மை என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் சீவேர்ல்ட் நிறுவனத்தின் காட்சியகத்தில் 2010-ல் திலிகம் என்ற ஓர்க்கா (டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியது) தன் பயிற்சியாளரைக் கொன்றது. அது இரண்டு வயது வாக்கில் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டது. அந்த மரணத்தைப் பற்றி 2013-ல் ஓர் ஆவணப்படம் வந்த பிறகு மக்களின் எதிர்ப்பு வலுத்தது, நிறுவனத்தின் வருமானமும் சரிந்தது. 2016 மார்ச்சில் ஓர்க்காக்களை இனி இனப்பெருக்கம் செய்வதில்லை என்று நிறுவனமே அறிவித்தது. டிக்கெட் வாங்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் பணம் ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் டால்பினை விடுவிக்காது; அடுத்ததைப் பிடிக்கலாமா, பெருக்கலாமா என்ற கணக்கில்தான் அது சேரும்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1998-ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே அவை இறந்துவிட்டன. பிறகு கொச்சி போன்ற இடங்களில் டால்பின் காட்சியகம் தொடங்கத் திட்டங்கள் வந்தபோது, 2013 மே மாதம் மத்திய அரசு அவற்றுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தது. கனடா 2019-ல் இதைத் தடைசெய்து சட்டமே இயற்றியது.

தொட்டியிலேயே பல காலம் இருந்துவிட்டவற்றைத் திடீரென்று கடலில் விட்டுவிட முடியாது, அது உண்மை. அவற்றுக்கு வேண்டியது வலையடைத்த கடல் விரிகுடா. ஷாங்காய் காட்சியகத்திலிருந்த இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களை அப்படி ஓர் இடத்தில் விடுவதற்காக 2019-ல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். மயாமியில் இருந்த டோகிடே என்ற ஓர்க்காவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1970-ல் வாஷிங்டன் மாநிலக் கடலில் பிடிபட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சிறிய தொட்டியில் கிடந்தது. 2023 மார்ச்சில் சொந்தக் கடலுக்குத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார்கள், ஆகஸ்டில் இறந்துபோனது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "அது கடலில் தன் கூட்டத்தோடு இருந்தது. நாம் பார்ப்பதற்காக அதைப் பிடித்துவந்துவிட்டார்கள். அதனால் நாம் போகவில்லை." அந்த வயதுக்கு இது புரியும். அழுதால் அழட்டும். சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளுக்குப் படகில் அழைத்துப் போங்கள். செயிண்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் இளஞ்சிவப்பு டால்பின்கள் கண்ணில் படுவதுண்டு. வராமலும் போகலாம், வருவதும் வராததும் அவற்றின் விருப்பம் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்வது நல்லது.

பதில்: சேதுபாவாசத்திரத்துக்காரன்

அக்கா, உங்கள் மாமனார் ஊருக்குப் பக்கத்துக் கடல் எங்களுடையது. படகுக்கு முன்னால் ஓங்கில் (டால்பினைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) துள்ளி வருவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே கடற்பசுவும் இருக்கிறது. அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். முன்பு கறிக்காக வெட்டியவர்களும் இருந்தார்கள். இன்று வலையை அறுத்துக் கடலில் விடுகிறோம். வலை போனால் நட்டம் எங்களுக்குத்தான், தெரிந்தேதான் அறுக்கிறோம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. உட்லண்ட்ஸ் ஐயாவுக்கும் சொல்கிறேன்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கடற்பசுவை உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனாலும் வலையில் விழுந்தது என்று கேட்டால் கரைக்கு ஓடி வருகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. டிக்கெட் எடுக்கவில்லை. ஆசிரியை அம்மா எழுதியதை மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டு அறைக்குள் போனாள்; வெளியே வந்து, வென் வென் எத்தனை வயதில் இறந்தது என்று கேட்டாள். செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் போக முடிவுசெய்திருக்கிறோம். மாமனாரோ, அடுத்த முறை ஊருக்கு வரும்போது மனோரா கடற்கரைப் பக்கம் அழைத்துப் போகிறேன் என்கிறார். சேதுபாவாசத்திரத்துத் தம்பி, எந்த மாதம் அங்கே கடல் அமைதியாக இருக்கும்?

பதில்: சேதுபாவாசத்திரத்துக்காரன்

மழைக்காலம் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வாருங்கள் அக்கா. விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும்.